பச்சை, ஆரஞ்சு, சிவப்பு: என் மார்ஷல் ஜேவிஎம் 410ஹெச்

மார்ஷல் ஜேவிஎம் 410ஹெச் என்பது ஓர் ஆம்ப், அதாவது எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி. அதன் முகப்பில் 28 குமிழ்கள் உள்ளன. பழைய பொருளாக அதை விலைக்கு வாங்கி வீட்டுக் கூடத்தில் இறக்கி வைத்த அன்று, ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த அம்மா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு, "இதில் எதைத் திருகினால் சத்தம் குறையும்?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்டதல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம் வசிக்கும் அடுக்குமாடி வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அன்று எனக்கு உருப்படியான பதில் தெரியவில்லை. அதையே ஆறு ஆண்டுகள் வாசித்துப் பழகிவிட்ட இப்போது, அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்ற துணிவு வந்திருக்கிறது.

லண்டனில் நான்கு பேர் கொண்ட ஒரு சிறு இசைக்குழுவில் நான் கிட்டார் வாசிக்கிறேன். வாரநாள்களில் எல்லாருக்கும் வேறு பிழைப்பு உண்டு. வார இறுதிகளில் திருமண வரவேற்பு, பிறந்தநாள் விழா, எப்போதாவது ஒரு மதுவிடுதி மேடை என்று ஓடும். ஒரே மாலையில், எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல் ஒன்றுக்கு மணி உதிர்ந்தாற்போன்ற தெளிவான ஒலியும், அதை அடுத்து வரும் பழைய பிரிட்டிஷ் ராக் பாடலுக்குக் கரகரப்பான ஒலியும், கடைசியில் இளவட்டங்கள் கேட்டு வாங்கும் மெட்டல் பாடலுக்கு இரும்பை அறுப்பது போன்ற ஒலியும் ஒரே கிட்டாரிலிருந்து வந்தாக வேண்டும். முன்பு ஒற்றைச் சேனல், அதாவது ஒரே ஒலிப்பாதை, மட்டுமே கொண்ட 50 வாட் ஆம்ப் ஒன்றும், அதற்கு முன்னால் தரையில் பரப்பிய, காலால் மிதித்து ஒலியை மாற்றும் ஏழு பெடல்களும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஆம்ப்பைத் தெளிவான ஒலிக்கு அமைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பெடல்களிடம் ஒப்படைத்ததில், ஒவ்வொரு பாடலிலும் பெடலின் குரல் கேட்டதே தவிர ஆம்ப்பின் குரல் கேட்கவில்லை என்பது என் நெடுநாள் குறை. பல சேனல் ஆம்ப் ஒன்றைத் தேடத் தொடங்கியது அதனால்தான்.

இது ஹெட் வகை ஆம்ப். அதாவது உள்ளே ஸ்பீக்கர் கிடையாது. நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட தனிக் கேபினட்டின் தலைமேல் இதை ஏற்றி வைத்து, கம்பியால் இணைக்க வேண்டும். எடை இருபது கிலோவைத் தாண்டும். அந்த எடையில் பெரும்பங்கு இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களுடையது. மின்சாரத்தைப் பெற்றுக்கொள்வது ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒலியைக் கொடுப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே பக்கமாக இருந்து கொண்டு மாடிப்படியில் தூக்கும்போதெல்லாம் பெட்டியைச் சாய்த்துவிடும் என்பதை என் இடது மணிக்கட்டு நன்கு அறியும்.

உள்ளே ஒலிக்கு உருக்கொடுக்கும் ஐந்து சிறிய ஈசிசி 83 வால்வுகளும், ஸ்பீக்கருக்குத் திறன் கொடுக்கும் நான்கு பெரிய ஈஎல் 34 வால்வுகளும் இருக்கின்றன. அமெரிக்கர்கள் ட்யூப் என்று சொல்வதைப் பிரிட்டனில் வால்வு என்பார்கள். நம் ஊரிலும் அந்தச் சொல்தான் முன்பே வந்து சேர்ந்தது. முந்தைய தலைமுறைக்கு வால்வு என்றால் வால்வு ரேடியோ நினைவுக்கு வரும்: திருகியவுடன் பாடாமல், உள்ளே செம்மஞ்சள் ஒளி ஏறிய பிறகு மெல்லப் பேசத் தொடங்கும் பெட்டி. இந்த ஆம்ப்பும் அதே வம்சம்தான். இன்றும் மேடையில் முதல் பொத்தானைப் போட்டு, ஓரிரு நிமிடம் வால்வுகளைச் சூடேறவிட்டுத்தான், ஒலியைத் திறந்துவிடும் ஸ்டாண்ட்பை பொத்தானைத் தொடுகிறேன்.

மொத்தம் நான்கு சேனல்கள்: தெளிவான ஒலிக்குக் க்ளீன், கரகரப்புக்குக் க்ரஞ்ச், இன்னும் கூடிய கரகரப்புக்கு ஓடி 1, ஓடி 2 (ஓடி என்பது ஓவர்டிரைவ்). ஒவ்வொன்றுக்கும் கெயின் (கரகரப்பின் அளவு), வால்யூம், பாஸ், மிடில், ட்ரெபிள், ரிவெர்ப் (எதிரொலி) என்று ஆறு குமிழ்கள் தனித்தனியே உண்டு. ஆறு நான்கு இருபத்து நான்கு. மீதி நான்கும் எல்லாச் சேனலுக்கும் பொதுவானவை. சேனலின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பச்சை விளக்கும், மீண்டும் அழுத்தினால் ஆரஞ்சும், இன்னொரு முறை அழுத்தினால் சிவப்பும் எரியும். நிறம் மாறும்போது அந்தச் சேனலின் மின்சுற்றே மாறுகிறது. இப்படி நான்கு சேனலுக்கும் மும்மூன்று குரல்களாகப் பன்னிரண்டு. 2007இல் இந்த மாடல் வந்தபோது விளம்பரமெல்லாம் இந்தப் பன்னிரண்டைச் சுற்றித்தான் இருந்தது. விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்துப் பன்னிரண்டு வெவ்வேறு ஆம்ப்கள் ஒரே பெட்டிக்குள் இருப்பதாக எண்ணிக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். நானும் அப்படித்தான் எண்ணி, முதல் மூன்று மாதங்கள் ஒவ்வொரு பொத்தானையும் மாற்றி மாற்றி அழுத்தி வீணடித்தேன். இதை வடிவமைத்த சான்டியாகோ ஆல்வரஸ் செய்திருப்பது வேறு: மார்ஷல் நிறுவனம் நாற்பத்தைந்து ஆண்டுகளில் நடந்துவந்த ஒரே பாதையை வெட்டிப் பன்னிரண்டு மைல்கற்களாக நட்டு வைத்திருக்கிறார். அது பிடிபட்ட பிறகுதான் இந்த முகப்பு எனக்குப் படிக்கக் கூடியதாயிற்று.

க்ரஞ்ச் சேனலில் அந்தப் பாதை மிகத் தெளிவாகத் தெரியும். சவுத்ஹாலுக்கு மளிகை வாங்கப் போகும் வழியில் பேருந்து ஹான்வெல்லைக் கடந்து செல்லும். அங்கே அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் 76ஆம் எண் கட்டடத்தில்தான் டிரம்ஸ் ஆசிரியராக இருந்த ஜிம் மார்ஷல் 1960இல் இசைக்கருவிக் கடை வைத்தார். கடைக்கு வந்த இளைஞர்கள் அமெரிக்க ஆம்ப்கள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கட்டவில்லை என்று புலம்பியதைக் கேட்டு, கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து 1962இல் முதல் ஆம்ப்பைச் செய்தார். ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பின் மின்சுற்றை முன்மாதிரியாகக் கொண்டு, பிரிட்டனில் கிடைத்த உதிரிகளால் செய்யப்பட்ட அந்த ஜேடிஎம் 45 ஆம்ப்பிலிருந்து இந்தக் குடும்பம் தொடங்குகிறது. பிறகு தி ஹூ குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் இன்னும் உரக்க வேண்டும் என்று கேட்டதால் 1965இல் 100 வாட் ஆம்ப் பிறந்தது. பிளெக்ஸிகிளாஸ் முகப்பு கொண்டிருந்ததால் இசைக்கலைஞர்கள் அதை இன்றும் பிளெக்ஸி என்றே அழைக்கிறார்கள். அதன் மாடல் எண் 1959. ஆண்டு என்று நினைத்துக் குழம்பாதவர்கள் குறைவு.

பிளெக்ஸியில் ஒரு சங்கடம் இருந்தது. அதில் மாஸ்டர் வால்யூம், அதாவது கரகரப்பைத் தொடாமல் மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ், இல்லை. கரகரப்பு வேண்டுமென்றால் முழுச் சத்தத்தில் வைத்தே தீர வேண்டும். 1975இல் வந்த 2203 மாடலில் இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள்: அதுவரை இரண்டு தனி உள்ளீடுகளுக்காக அருகருகே இருந்த, ஒலியைப் பெருக்கும் இரண்டு வால்வுப் படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இடையில் ஒரு குமிழையும் கடைசியில் ஒரு குமிழையும் வைத்தார்கள். முதல் குமிழ் கரகரப்புக்கு, கடைசிக் குமிழ் சத்தத்துக்கு. அதே சுற்று 1981இல் புதிய உடை உடுத்து ஜேசிஎம் 800 என்ற பெயரில் வந்து எண்பதுகளின் ராக் ஒலியாகவே நிலைத்துவிட்டது. ஜேசிஎம் என்பது ஜேம்ஸ் சார்ல்ஸ் மார்ஷல் என்ற அவருடைய பெயரின் முதலெழுத்துகள். 800 என்பது அவருடைய கார் எண் பலகையிலிருந்து வந்தது.

க்ரஞ்ச் பச்சையில் வாசித்தால் அறுபதுகளின் அந்தப் பிளெக்ஸி குடும்பம் கேட்கிறது. மீட்டும் விரலின் அழுத்தத்துக்கு ஏற்பத் தெளிவும் கரகரப்பும் மாறிக்கொண்டே இருக்கும். மெல்லத் தொட்டால் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியே கேட்கும், அடித்தால் சீறும். அதே நிலையில் ஒரு பொத்தானை அழுத்தி ஆரஞ்சுக்குப் போனால், பத்து ஆண்டுகளைத் தாண்டி 2203க்கு வந்துவிடுகிறோம்: அடிப்பகுதி இறுகி, நடுப்பகுதி முன்னே வந்து, ஒலி மேடையின் விளிம்பில் ஏறி நிற்கும். சிவப்பு, அந்த 2203ஐ எண்பதுகளின் பட்டறைக்காரர்கள் உள்ளே கைவைத்து முடுக்கிவிட்டதைப் போன்றது. என் மாலைகளில் பாதிக்கும் மேற்பட்ட பாடல்கள் இந்தச் சேனலின் ஆரஞ்சில்தான் கழிகின்றன.

இந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஈசிசி 83 வால்வின் கண்ணாடிக்குள், சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு, அதைச் சுற்றி வெளியே அமைந்த பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவில் உள்ள கிரிட் என்னும் கம்பிச் சுருள் மதகைப் போல அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. கிட்டாரிலிருந்து வரும் நலிந்த மின் அலை கிரிட்டைச் சற்றே அசைத்தால், பிளேட்டில் அதே அலை பல மடங்கு பெரிதாக எழும். அளவுக்கு மேல் அசைத்தாலோ, மதகு முழுவதும் திறந்த நிலையிலும் முழுவதும் மூடிய நிலையிலும் அலையின் தலையும் காலும் மழுங்கிவிடும். வால்வில் இந்த மழுங்கல் இரு பக்கமும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் மழுங்குவதால், வாசித்த சுரத்தோடு அதன் மேல் ஸ்தாயி ஒலியும் கலந்து வருகிறது. காதுக்கு அது சிதைவாகப் படாமல் செழுமையாகப் படுகிறது. ஒரு படியில் மழுங்கிய அலையை அடுத்த படிக்குக் கொடுத்து மேலும் மழுங்கச் செய்வதுதான் பச்சையிலிருந்து சிவப்புக்கும், க்ரஞ்ச்சிலிருந்து ஓடி 2க்கும் போகப் போக நடப்பது. முதல் படியில் பிறக்கும் மெல்லிய இரைச்சலும் கூடவே பெருகும் என்பதால், ஓடி 2 சிவப்பில் கிட்டாரைத் தொடாமல் நின்றால் அடுப்பில் எண்ணெய் காய்வது போன்ற ஒரு சீற்றம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஓடி 1, ஓடி 2 ஆகியவற்றின் வேறுபாடு கெயின் அளவில் மட்டும் இல்லை. மற்ற சேனல்களில் மிடில் குமிழ் ஏறத்தாழ 650 ஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதியை ஆள்கிறது. ஓடி 2இல் அது 500 ஹெர்ட்ஸுக்கு இறக்கப்பட்டிருக்கிறது. தாளில் இது சின்ன நகர்வு. ஆனால் ஒரு முழு இசைக்குழுவின் நடுவே அதன் விளைவு பெரிது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஓடி 2இல் மிடிலை முழுக்கக் குறைத்து பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றினால் ஒலி பிரமாண்டமாகத் தோன்றும். நானும் அப்படியே அமைத்துக்கொண்டு பயிற்சி அறைக்குப் போனேன். டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் என் கிட்டார் காணாமற்போயிற்று. சிம்பல் மேலே விழுங்கியது, பாஸ் கிட்டார் கீழே விழுங்கியது, எனக்கென்று இருந்த நடுப்பகுதியை நானே வெட்டி எறிந்திருந்தேன். எங்கள் பாஸ் கிட்டார்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து என் மிடில் குமிழை ஆறுக்குத் திருப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அன்று முதல் அது ஆறில்தான் இருக்கிறது. ஓடி 1 எனக்குத் தனி வாசிப்புக்கு உதவும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

க்ளீன் சேனல் பலரும் எதிர்பார்ப்பதைவிட நன்றாக இருக்கிறது. மார்ஷல் என்றாலே கரகரப்புதான், தெளிவான ஒலிக்கு அமெரிக்க ஆம்ப் வேண்டும் என்ற பேச்சு பழையது. இதன் பச்சை நிலையில் அந்த அமெரிக்கப் பளபளப்பு முழுமையாக இல்லாவிட்டாலும், நரம்பின் தொடக்க ஒலி கூர்மையாகவும் உடல் ஒலி உருண்டையாகவும் இருப்பதால் திரைப்பாடல்களின் பிரித்து மீட்டும் பகுதிகளுக்குப் பொருத்தமாகவே அமைகிறது.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இந்த ஆம்ப்பின் திறன் 100 வாட். பாதித் திறன் உள்ள 50 வாட் ஆம்ப் வாங்கினால் பாதிச் சத்தம் வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் திறனைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். அதற்குத் திறனைப் பத்தில் ஒன்றாக, அதாவது 10 வாட்டாக, இறக்க வேண்டும். எனவே 100 வாட் ஆம்ப் அடுக்குமாடி வீட்டுக்கு ஆகாது என்பவர்கள் 50 வாட்டைப் பரிந்துரைப்பதில் பெரிய பொருளில்லை. இந்தப் பெட்டியில் சத்தத்தைக் குறைக்க மூன்று இடங்கள் உண்டு: சேனலின் வால்யூம், மாஸ்டர் 1, மாஸ்டர் 2. மாஸ்டர் இரண்டும் எல்லாச் சேனலுக்கும் பொது. காலால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். மேடையில் மாஸ்டர் 1ஐப் பாடலுக்கும், அதைவிடச் சற்றே உயர்த்திய மாஸ்டர் 2ஐத் தனி வாசிப்புக்கும் வைத்திருக்கிறேன். பெடல் எதுவும் இல்லாமல் தனி வாசிப்பு மேலே எழுந்து வருவது எனக்கு இந்த ஆம்ப் கொடுத்த மிகப் பெரிய நிம்மதி. வீட்டில் மாஸ்டர் 1 ஒன்று என்ற எண்ணைத் தாண்டியதில்லை. அதன் மேல் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டி, 'சத்தம்' என்று எழுதி ஓர் அம்புக்குறியும் போட்டு வைத்திருக்கிறேன். நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில், அம்மா வந்து அதைத் திருகிவிட்டுப் போனதும் உண்டு.

சேனல் மாற்றும் கால்பலகையில் ஆறு பொத்தான்கள். சாதாரண கிட்டார் கம்பியாலேயே அதை ஆம்ப்போடு இணைக்கலாம். எந்தச் சேனல், எந்த நிறம், எந்த மாஸ்டர், ரிவெர்ப் உண்டா இல்லையா என்ற மொத்தத் தொகுப்பையும் ஒரே பொத்தானில் பதிந்து வைக்க முடிகிறது. இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் மிடி வழியாகவும் இதையே செய்யலாம். ஆனால் குமிழ்களின் நிலை எதுவும் பதிவாகாது. இது கணினி அல்ல, திருகி வைத்த இடத்தில்தான் குமிழ் நிற்கும். ஒரே சேனலின் பச்சைக்கும் சிவப்புக்கும் அதே வால்யூம், அதே ட்ரெபிள் என்பதால், பச்சையில் அளவாக அமைத்தது சிவப்பில் அறையையே உலுக்கும். ஆகவே நடைமுறையில் ஒரு சேனலுக்கு ஒரு நிறம் என்று முடிவு செய்துகொண்டு நான்கு குரல்களோடு வாழ்வதே நல்லது. க்ளீன் பச்சை, க்ரஞ்ச் ஆரஞ்சு, ஓடி 1 ஆரஞ்சு, ஓடி 2 பச்சை: இவை என் நான்கு. மீதி எட்டும் பயிற்சி அறையில் வேடிக்கைக்கு.

குறை என்று நான் சொல்வது பிரெசென்ஸ், ரெசொனன்ஸ் என்ற இரண்டு பொதுக் குமிழ்களைத்தான். ஸ்பீக்கரை இயக்கும் கடைசிப் பகுதியான பவர் ஆம்ப் தன் வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்துத் தனக்கே எதிராகத் திருப்பிக் கொடுத்துத் தன்னைக் கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. அந்தத் திரும்பு பாதையில் உயர் அதிர்வெண்களைக் குறைத்து, கட்டில்லாமல் அவற்றை ஒலியில் எழும்ப வைப்பது பிரெசென்ஸ், தாழ் அதிர்வெண்களை அப்படி எழும்ப வைப்பது ரெசொனன்ஸ். அந்தப் பாதை எல்லாச் சேனலுக்கும் ஒன்றே என்பதால், க்ளீன் சேனல் பளிச்சென்று கேட்க வேண்டுமென்று பிரெசென்ஸை ஏற்றினால் ஓடி 2 காதைக் கீறுகிறது. நான்கு சேனலுக்கும் ட்ரெபிளைத் தனித்தனியே கொடுத்தவர்கள் இதையும் இரண்டாகவாவது பிரித்திருக்கலாம். டிஜிட்டல் ரிவெர்ப் எனக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. 2012இல் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானிக்காகச் செய்த பதிப்பில் ரிவெர்ப்பை எடுத்துவிட்டு இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டை வைத்தார்கள் என்பதைப் பார்க்கும்போது, அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நான் செய்த ஒரு தவற்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் அவசரமாக மேடை அமைத்தபோது, ஸ்பீக்கர் கம்பிக்குப் பதிலாகக் கிட்டார் கம்பியை எடுத்து ஹெட்டையும் கேபினட்டையும் இணைத்துவிட்டேன். இரண்டின் முனையும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறு. கிட்டார் கம்பியின் நடுவிழை மெல்லியது, நலிந்த மின் அலைக்காகச் செய்தது. 16 ஓம் கேபினட்டுக்கு 100 வாட் போகும்போது அதில் 2.5 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டியிருக்கிறது. இரண்டாவது பாடலில் பிளாஸ்டிக் காய்ந்த வாசம் அடித்தது. டிரம்ஸ் வாசிப்பவர்தான் மூக்கைச் சுளித்து, "அண்ணா, என்னவோ கருகுது" என்றார். உடனே ஸ்டாண்ட்பையில் போட்டேன். கம்பியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அது அறுந்திருந்தால், ஸ்பீக்கர் என்னும் சுமை இல்லாமல் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்னழுத்தம் எகிறி அதன் சுருள் பொசுங்கியிருக்கக் கூடும். இப்போது ஸ்பீக்கர் கம்பியின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது.

ஈஎல் 34 வால்வுகளை ஒருமுறை மாற்றியிருக்கிறேன். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் முல்லார்ட் நிறுவனம் செய்துகொண்டிருந்த வால்வுகள் இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. 2022இல் ரஷ்யாவிலிருந்து வரத்துத் தடைபட்டபோது கடைகளில் கையிருப்பு தீர்ந்து விலை ஏறியதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஒரே அளவில் மின்னோட்டம் இழுக்கும் நான்கு வால்வுகளைத் தேர்ந்து வாங்கி, பயஸ், அதாவது ஓய்வு நிலையில் வால்வுகள் இழுக்கும் மின்னோட்டத்தை, சரிசெய்யும் வேலையை ஒரு தொழில்நுட்பரிடம் கொடுத்தேன். கையில் மீட்டர் இருந்தாலும் நானே திறக்கத் துணியவில்லை. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் பல நூறு வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும்.

பழைய ஜேவிஎம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விற்பவர் வீட்டில் எல்லாருக்கும் பிடித்த க்ரஞ்ச்சை மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். ஆம்ப்பை அரைமணி நேரம் நன்றாகச் சூடேறவிட்டு, பன்னிரண்டு நிலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி, ஒவ்வொன்றிலும் 28 குமிழ்களில் உரியவற்றை முழுக்கத் திருப்பிக் கரகரவென்று உரசுகிறதா என்று கேளுங்கள். பிறகு பின்பக்கத்தில் வெளிக்கருவிகளை இணைப்பதற்கான எஃபெக்ட்ஸ் லூப்பில் ஒரு சிறு கம்பியைச் செருகி, சேனல் மாறும்போது ஒலி அறுகிறதா என்று பாருங்கள். நான் வாங்கிய அன்று இதில் எதையும் செய்யவில்லை. லூப்பின் செருகுவாயில் தூசு அடைந்திருந்ததைக் கண்டுபிடிக்கவே எனக்கு எட்டு மாதங்கள் ஆயின.